பழைய லாரிக்குக் கெட்டி ஆயிலா?

சங்ககிரி, நாமக்கல் பக்கம் பழைய லாரி ஒன்று கைமாறி வந்தால், பட்டறையில் விடும்போதே ஆயில் பேச்சு தொடங்கிவிடும். கையேட்டில் 15டபிள்யூ-40 என்று இருக்கும். மெக்கானிக், "இது ஓடின வண்டிங்க, 20டபிள்யூ-50 ஊத்துங்க, பிரஷர் நிக்கும்" என்பார். பல வருடம் ஸ்டியரிங் பிடித்த டிரைவர், டபிள்யூ இல்லாத தனி 40 நம்பர் ஆயிலுக்கு மேல் எதுவும் கிடையாது என்று அடித்துச் சொல்வார். ஆயில் கடைக்காரரோ, மைலேஜ் கூடும் என்று 10டபிள்யூ-30 கேனை எடுத்து முன்னால் வைப்பார். நான்கு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் லாரி உரிமையாளர் குழம்பிப்போகிறார். இந்த நான்கில் எந்த ஆயில், எந்த வண்டிக்கு, எந்த ஆதாரத்தின்மேல் என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

எடைபோட நான்கு அளவுகோல்கள் போதும். தேய்ந்த பாகங்களுக்கு நடுவே ஆயில் படலம் அறுந்துபோகாமல் நிற்குமா? காலையில் செல்ஃப் அடித்ததும் எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்கும் டர்போவுக்கும் போய்ச் சேரும்? கரியையும் அமிலத்தையும் தாங்குமா? கடைசியில், கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு?

எண்கள் சொல்வது என்ன

கேனின் மேல் உள்ள எண்கள் எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிலையிலிருந்து வருபவை. டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் இன்ஜின் சுழல்வதைப் பற்றியது. 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியிலும் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் இறுகிவிடக் கூடாது. பின்னால் நிற்கும் எண் 100 டிகிரி சூட்டில் உள்ள பாகுநிலையைக் காட்டும். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள். ஆக, 40, 50 என்பவை வெப்பநிலைகளும் அல்ல, தர மதிப்பெண்களும் அல்ல. 50 என்பதால் அது 40ஐ விட உயர்ந்த ஆயில் ஆகிவிடாது.

இந்தத் தரநிலையில் அதிகம் பேசப்படாத இன்னொரு அளவு உண்டு. பேரிங்குக்குள் நிகழ்வது போல, 150 டிகிரி சூட்டில் கடும் வேகத்தில் அறுபடும்போது ஆயிலில் எஞ்சும் பாகுநிலை அது. 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச அளவு ஒன்றேதான்: 3.7 மில்லி பாஸ்கல் விநாடி. கடையில் கிடைக்கும் 20டபிள்யூ-50 பெரும்பாலும் இந்த வரம்பைக் கணிசமாகத் தாண்டியே நிற்கும் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும், 15டபிள்யூ-40 என்பது பேரிங்கைக் காக்க முடியாத இளக்கமான ஆயில் என்ற பேச்சுக்குத் தரநிலையில் இடமில்லை.

வெயில் நாட்டு வாதம்

கெட்டி ஆயிலுக்கு முதலில் சொல்லப்படும் காரணம் நம் வெயில். வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, ஆகவே கெட்டியாகத்தான் ஊற்ற வேண்டும் என்பார்கள். இந்த வாதம் வலுவற்றது. ஓடுகிற இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலின் சூட்டை வெளியே உள்ள வெயில் நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஆயில் கூலரும் சேர்ந்து அதை ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரிக்குள் பிடித்து வைக்கின்றன. மார்கழியிலும் சித்திரையிலும் ஆயில் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வேலை செய்கிறது.

முழு பாரத்தோடு தொப்பூர் கணவாயிலோ திம்பம் மலைப்பாதையிலோ ஏறும்போது ஆயில் சூடு கூடும் என்பது உண்மை. அங்கே கணக்குப் பார்ப்போம். வழக்கமான 15டபிள்யூ-40 ஒன்று 100 டிகிரியில் 14.5 சென்டிஸ்டோக்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், வழக்கமான 20டபிள்யூ-50 அதே பாகுநிலைக்கு இறங்குவது ஏறக்குறைய 110 டிகிரியில். அதாவது ஆயில் எண்ணை மாற்றி நாம் வாங்குவது வெறும் 10 டிகிரி இடைவெளி. அந்த 10 டிகிரியை வேறு வழியிலும் பெறலாம். புழுதியும் பூச்சியும் அடைத்த ரேடியேட்டரைக் கழுவுவது, தளர்ந்த ஃபேன் பெல்ட்டை மாற்றுவது, உள்ளே உப்பேறிய ஆயில் கூலரைச் சுத்தம் செய்வது, வெறும் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலண்ட் ஊற்றுவது. பழைய வண்டியில் இந்த நான்கில் குறைந்தது இரண்டு பாக்கி இருக்கும். சூட்டுக்குக் காரணமானதை விட்டுவிட்டு ஆயிலின் எண்ணைக் கூட்டினால் சூடு அப்படியேதான் இருக்கும்.

தேய்மான வாதம்

இரண்டாவது காரணம் கனமானது. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது, ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது, ஆகவே கெட்டி ஆயில் அந்த இடைவெளியை நிரப்பும் என்பது. இதில் இயற்பியல் உண்டு. ஆனால் எவ்வளவு உண்டு என்று பார்க்க வேண்டும்.

பேரிங்கின் இரு ஓரங்களிலிருந்தும் ஆயில் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவு பாகுநிலைக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும். வழக்கமான 15டபிள்யூ-40இன் 14.5லிருந்து வழக்கமான 20டபிள்யூ-50இன் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குப் போனால் பாகுநிலை கூடுவது கால் பங்குக்குச் சற்று மேல். இதைக் கொண்டு ஈடுகட்ட முடிவது இடைவெளியில் 8 அல்லது 9 விழுக்காடு அதிகரிப்பைத்தான். அதற்கு மேல் தேய்ந்த பேரிங்குக்கு 50 நம்பர் ஆயில் போதாது. அதற்குள் தேய்ந்த பேரிங்குக்கு 40 நம்பரே பெரும்பாலும் போதும். கெட்டி ஆயில் உண்மையில் பயன்படும் வெளி நாம் நினைப்பதை விடக் குறுகலானது.

"ஊத்தினதும் பிரஷர் ஏறிடுச்சே" என்று கேட்கலாம். ஏறும். ஆனால் பிரஷர் என்பது ஆயில் பாய எதிர்ப்பு எவ்வளவு என்பதன் அளவு. எவ்வளவு ஆயில் பாய்கிறது என்பதை அது தனியே சொல்லாது. ஆயில் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளும் பம்ப். ஆயிலைக் கெட்டியாக்கினால் ஐடிலில் கேஜ் முள் உயரும். ரேஸ் கொடுக்கும்போது ரிலீஃப் வால்வு திறந்து, கூடுதல் ஆயிலை ஆயில் பேனுக்கே திருப்பிவிடும். காலையில் ஆயில் இறுகிக் கிடக்கும்போது ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறக்கலாம்; அந்த நேரத்தில் வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போகும். கேஜ் காட்டும் உயர்ந்த எண்ணுக்குக் கொடுக்கும் விலை இது.

எனவே கேட்க வேண்டியது, ஓட்டத்தில் சூடான இன்ஜினின் ஐடில் பிரஷர் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருக்கிறதா என்பதுதான். டாடா வண்டிகள் பலவற்றில் உள்ள கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினுக்கு அந்தக் குறைந்தபட்ச அளவு ஐடிலில் 10 பிஎஸ்ஐ, முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐ. புது வண்டியில் 25 காட்டியது பழைய வண்டியில் 15 காட்டுகிறது என்றால், அது வயதுக்குரிய இறக்கம். நோய் என்று சொல்ல முடியாது. டேஷ்போர்டு முள்ளையும் விளக்கையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஆயில் குடிக்கும் வண்டிக்கும் இதே நிதானம் வேண்டும். வெளியே ஒழுகுகிறதா, வால்வு சீல் வழியே இறங்குகிறதா, டர்போ வழியே போகிறதா, ரிங் வழியே ஏறுகிறதா என்று தெரியாமல் ஆயில் எண்ணைக் கூட்டுவது குருட்டு மருத்துவம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு சீலை முதலில் சந்தேகிக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை விட்டுவிட்டுத் தள்ளினால், பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லும் ரிங், லைனர் தேய்மானம். இன்டர்கூலர் ஹோஸுக்குள் ஆயில் தேங்கியிருந்தால் டர்போவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இவற்றில் ரிங் தேய்மானத்துக்கு மட்டுமே கெட்டி ஆயில் கொஞ்சம் உதவும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டக்கூடிய டர்போவுக்கோ, காலையில் தாமதமாக வந்து சேரும் கெட்டி ஆயில் கெடுதலே செய்யும்.

தலைகீழ் நிலை இன்னும் ஆபத்தானது. இன்ஜெக்டர் ஒழுகி டீசல் ஆயிலில் கலந்தால் ஆயில் இளகும், பிரஷர் இறங்கும், டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறும். அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் பிரஷர் சில நாள் சரியாகித் தோன்றும். டீசல் கலப்பது நிற்காது. சில ஆயிரம் கிலோமீட்டரில் 50 நம்பர் ஆயிலும் இளகிப்போகும், அதற்குள் பேரிங் அடிபட்டிருக்கும். பாகுநிலையை மாற்றி அறிகுறியை மறைப்பதன் தீங்கு இங்கே நன்றாகத் தெரிகிறது.

காலை நேரமும் காசும்

காலையில் 30 டிகிரியில் நிற்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான 15டபிள்யூ-40 அந்தச் சூட்டில் சுமார் 180 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். 40 நம்பர் தனி ஆயில் 260ஐ நெருங்கும். 20டபிள்யூ-50 சுமார் 285. தமிழ்நாட்டுச் சமவெளியில் இவை மூன்றிலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். யாரும் வித்தியாசத்தை உணர மாட்டார்கள். வித்தியாசத்தை உணர்வது ராக்கர், கேம், டர்போ. தேய்மானத்தில் ஒரு நல்ல பங்கு, ஆயில் வந்து சேருமுன் உள்ள அந்த முதல் சில விநாடிகளில்தான் நடக்கிறது. தேய்ந்த இன்ஜினை மேலும் தேயவிடக் கூடாது என்பது நோக்கமானால், சீக்கிரம் போய்ச் சேரும் ஆயிலுக்கே வாக்கு. அதோடு, நாமக்கல் வண்டிகள் நாமக்கல்லில் நிற்பவை அல்ல. காஷ்மீரில் ஆப்பிள் லோடு ஏற்றப் போகும் வண்டி, சைபருக்குக் கீழே இறங்கும் இரவிலும் நிற்க வேண்டியிருக்கும். 15டபிள்யூ அதற்கு உறுதி தருகிறது. டபிள்யூ இல்லாத 40 நம்பர், குளிருக்கு எந்த உறுதியும் தருவதில்லை.

காசுக் கணக்கை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 2,000 லிட்டர் டீசல் ஆகும். கெட்டி ஆயிலின் உராய்வால் ஒரு விழுக்காடு கூடுதலாகச் செலவானால் 20 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,840 ரூபாய். அதே வண்டி 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது, கெட்டி ஆயில் அதில் கால் பங்கை மிச்சப்படுத்துகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மிச்சம் 2 லிட்டர்; லிட்டர் 300 ரூபாய் என்றால் 600 ரூபாய். டாப்-அப் செலவு ஆயில் கடைச் சீட்டில் கண்ணுக்குத் தெரிகிறது, டீசல் இழப்பு தெரிவதில்லை. தெரியாத செலவு மூன்று மடங்கு பெரியது.

40 நம்பரும் நைன்ட்டி ஆயிலும்

பழைய டிரைவர்கள் நம்பும் 40 நம்பர் ஆயிலுக்கு ஒரு நியாயம் உண்டு. அதில் பாகுநிலையைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர் கிடையாது. ஆகவே ஓட ஓட அறுபட்டு இளகுவதும் இல்லை. மல்டிகிரேடு ஆயில்கள் முதலில் வந்த காலத்தில் இது பெரிய வாதம். இன்று அதன் வலு போய்விட்டது. 2004இல் வந்த சிஐ-4 பிளஸ் என்ற டீசல் இன்ஜின் ஆயில் தரம், ஆயிலை இன்ஜெக்டர் வழியே 90 முறை செலுத்தி அறுத்த பிறகும் அது தன் கிரேடுக்குள் நிற்க வேண்டும் என்று கேட்கிறது. அந்தத் தரமுள்ள 15டபிள்யூ-40, 40 நம்பராகவே நிலைக்கும். தனி 40 நம்பர் ஆயில்களோ பெரும்பாலும் பழைய தரப் பிரிவிலேயே நிற்பவை. கரியைத் தாங்குவதிலும் அழுக்கைக் கழுவுவதிலும் பின்தங்கியவை. அந்த நம்பிக்கைக்குரிய காலம் முடிந்தது.

வண்டி வாங்குபவர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. தட்டும் சத்தத்தையும் புகையையும் அடக்க, விற்பதற்கு முன் இன்ஜினில் நைன்ட்டி கியர் ஆயில் கலந்து ஊற்றுவதாகச் சந்தையில் பேச்சு உண்டு. 90 என்ற எண்ணைப் பார்த்து அது 50ஐ விட மிகக் கெட்டி என்று நினைப்பவர்கள் அதிகம். கியர் ஆயிலின் எண்கள் வேறு அளவுகோலில் அமைந்தவை. 90 நம்பர் கியர் ஆயில், பாகுநிலையில் இன்ஜின் ஆயிலின் 40, 50 நம்பர்களின் அளவிலேயே வரும். அதில் உள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் பல் சக்கரத்துக்கானது. இன்ஜினின் கரியையும் அமிலத்தையும் சமாளிக்கும் பொருள் அதில் இல்லை. ஆகவே வாங்கிய வண்டியில் இருக்கும் ஆயிலை எந்த ஆதாரமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரோடு மாற்றிவிட்டு, அதன்பிறகே பிரஷரை அளக்க வேண்டும். வேறு ஆயிலை வைத்து அளந்த பிரஷர் நம் வண்டியின் உடல்நிலையைச் சொல்லாது.

எழுத்தே எண்ணை விடப் பெரிது

பாகுநிலையைப் பற்றி இவ்வளவு வாதம் நடக்கையில், கேனில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஏபிஐ தரப் பிரிவை, அதாவது சிஐ-4, சிகே-4 போன்ற எழுத்துகளை, யாரும் பார்ப்பதில்லை. பழைய வண்டியின் ஆயுளை அதுவே அதிகம் தீர்மானிக்கிறது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் வந்தபோது அசோக் லேலண்ட் தன் வண்டிகளில் ஐஇஜிஆர் முறையைக் கொண்டுவந்தது. புகையின் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் இன்ஜின்களில் ஆயிலுக்குக் கரியும் அமிலமும் கூடும். 2002இல் வந்த சிஐ-4 தரமே இத்தகைய இன்ஜினுக்காக எழுந்தது. அதற்குக் கீழான தரத்தில் 20டபிள்யூ-50 ஊற்றுவதை விட, சிஐ-4 பிளஸ் தரத்தில் 15டபிள்யூ-40 ஊற்றுவது இன்ஜினுக்குப் பல மடங்கு நல்லது.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வண்டிகள் இப்போது இரண்டாம் கைக்கு வரத் தொடங்கிவிட்டன. இவற்றின் புகைப் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. எரியும் ஆயிலின் சாம்பல் அதில் தங்கும். கரியைப் போல அது எரிந்து போகாது. சிகே-4 தரம் இந்தச் சாம்பலை 1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. சிஐ-4 பிளஸ் ஆயில்கள் பொதுவாக அதைத் தாண்டும். பிஎஸ்-6 வண்டி ஆயில் குடிக்கிறது என்று சாம்பல் மிகுந்த 20டபிள்யூ-50 ஊற்றுபவர், ஆயில் செலவை வடிகட்டிச் செலவாக மாற்றிக்கொள்கிறார்.

சிகே-4 பழைய வண்டிக்கு ஆகாது, அதில் அமிலத்தை முறிக்கும் காரம் குறைவு என்ற மறுப்பும் உண்டு. டீசலில் கந்தகம் மிகுந்திருந்த காலத்தில் அது சரியான மறுப்பு. பிஎஸ்-3 டீசலில் 350 பிபிஎம் வரை கந்தகம் இருந்தது. இன்று பங்கில் கிடைக்கும் டீசலில் 10 பிபிஎம்தான் உச்சம். பழைய லாரியும் குடிப்பது அதே டீசல். காரத்தின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. ஆகவே சிகே-4 தரத்திலுள்ள 15டபிள்யூ-40 பழைய இன்ஜினுக்கும் பொருந்தும். கூடுதல் விலை கொடுக்கலாமா என்பது மட்டுமே கேள்வி.

இளக்கமான 10டபிள்யூ-30 பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. அதற்கென்றே வடிவமைத்த புது இன்ஜினில் அது டீசலை மிச்சப்படுத்தும். பேரிங் இடைவெளி கூடிய பழைய இன்ஜினில், சூடான ஐடிலில் பிரஷர் மேலும் இறங்கும். அதிலும் எஃப்ஏ-4 என்று குறித்த 30 நம்பர் ஆயில், வேண்டுமென்றே படலத்தை மெலிதாக்கிச் செய்தது. கையேடு அதைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் தொடக் கூடாது.

தீர்ப்பு

பிஎஸ்-4 வரையுள்ள பழைய லாரிக்கு, கையேடு வேறு சொல்லாத வரை, 15டபிள்யூ-40தான். தரம் சிஐ-4 பிளஸுக்குக் குறையக் கூடாது. பிஎஸ்-6 வண்டிக்குக் கையேட்டில் உள்ள எண்ணும் சிகே-4 போன்ற குறைந்த சாம்பல் தரமும். ஓடிய கிலோமீட்டரை மட்டும் காட்டி இதிலிருந்து விலகக் கூடாது.

20டபிள்யூ-50க்குக் கதவை முழுதாகச் சாத்த வேண்டியதில்லை. மூன்று நிபந்தனைகளும் ஒன்றாகச் சேர்ந்தால் அதற்கு இடம் உண்டு. வண்டி புகை வடிகட்டி இல்லாத பழைய இன்ஜினாக இருக்க வேண்டும். புது 15டபிள்யூ-40 ஊற்றி, டீசலோ கூலண்டோ கலக்கவில்லை என்று உறுதி செய்து, மெக்கானிக்கல் கேஜில் அளந்தும் சூடான ஐடில் பிரஷர் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே நிற்க வேண்டும். ஓவர்ஹாலுக்குத் தேதி குறித்திருக்க வேண்டும். அப்போது அது இன்ஜினைப் பிரிக்கும் நாள் வரை வண்டியை ஓட்டித் தரும் இடைக்கால ஏற்பாடு. தேதி குறிக்காமல் வருடக்கணக்கில் ஊற்றினால், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போகும்.

பட்டறை அனுபவத்தை இந்தத் தீர்ப்பு தள்ளிவிடவில்லை. கெட்டி ஆயிலில் சத்தம் குறைவதை மெக்கானிக் தன் காதால் கேட்டிருக்கிறார், அது மெய். ஆனால் குறைந்தது சத்தம். தேய்மானம் குறைந்ததற்கு அது சாட்சி ஆகாது. கேனை வாங்குமுன் கேஜை மாட்டச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால் கையேட்டின்படி ஊற்றுங்கள். சரியில்லாவிட்டால், செலவு செய்ய வேண்டிய இடம் ஆயில் கடை அல்ல, இன்ஜின் பட்டறை.